செம்மண் பூசிய சுவர்

ஐம்பதுகளில் ஒரு மார்கழி. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் தோளில் பம்பு மாட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். குளிர்காய்ச்சல் வராமல் இருக்க வீட்டுச் சுவரில் கொசு மருந்து அடிக்க வேண்டுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் கண் சுவரைவிட ராகிக் குதிர்மேல்தான் அதிகம் போனது. கொசுவைச் சாக்காக வைத்து, யார் வீட்டில் எவ்வளவு தானியம் என்று நோட்டம் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன்.

போகும்போது ஒருவர் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "ஆறு மாசம் செவுத்தக் கழுவாதீங்கம்மா. பூசவும் கூடாது."

சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கறை, குடலைப் புரட்டும் நாற்றம். நான்கு நாளில் பூனை வலிப்பு வந்து செத்தது. விஷம்தான் என்று முடிவுகட்டினேன். பொங்கல் வேறு வந்துவிட்டது. செம்மண்ணும் சாணியும் குழைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு கறை தெரியாமல் பூசி முடித்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி பண்டிகைக்குக்கூடச் சுவரைத் தொடவில்லை. சோம்பேறி என்று வாய்விட்டே சொன்னேன்.

சித்திரை மழைக்குப் பிறகு என் நான்கு வயது மகளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கிப்போட்டது. கஷாயம், வேப்பிலை, மந்திரிப்பு, எதற்கும் அடங்கவில்லை. குழந்தை எலும்பும் தோலுமாகிவிட்டாள். பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. அது எப்படி? பக்கத்து வீட்டுக்காரி என் மகளுக்குக் கடலை உருண்டை கொடுத்தது நினைவுக்கு வந்தது. நேரே போய் அவள் வாசலில் நின்றேன்.

"எம்பொண்ணுக்கு என்னத்த வெச்சுக் குடுத்த?"

தெருவே கேட்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுவாரம், சுவரைப் பூசக்கூடாது என்று சொன்ன அந்தப் பம்புக்காரர் மாத்திரையோடு வந்தார். குழந்தையைப் பார்த்தார், பிறகு எங்கள் சுவரை விரலால் தேய்த்தார். விரலில் செம்மண். பக்கத்து வீட்டுச் சுவரையும் தேய்த்துவிட்டு வந்து விரலைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது.

"மருந்து மேல யாரும்மா பூசுனது?"

பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நாந்தான்" என்றேன். அவர் காதில் மட்டும் விழுந்தால் போதாது என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அதையே இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மாத்திரையில் மகள் தேறினாள். பக்கத்து வீட்டுக்காரி கொஞ்ச நாளில் என்னோடு பேசவும் செய்தாள். ஆனால் அவள் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கு விளையாட அனுப்பவே இல்லை. என் மகள் தனியாகவே விளையாடினாள்.