முதல் பக்கத்து மயக்கம்

சுருக்கெழுத்தில் கெட்டிக்காரி என்பதால் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குச் 'சுருக்கு' என்று பெயர். "வாயைத் திறந்தா நிக்காது, இவளுக்குப் போய் சுருக்காம்!" என்று கணவன் கேலி செய்வான். அவள் நாடாளுமன்றச் செய்தியாளர்.

அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஓர் ஓட்டு குறைந்தாலும் அரசு கவிழ்ந்துவிடும். ஆளுங்கட்சியின் வயதான உறுப்பினர் ஒருவர், தன் முறை வந்ததும் எழுந்தவர், மேசை விளிம்பைப் பிடித்தபடியே சரிந்தார்.

"நடிக்காதய்யா, ஓட்டைப் போடு!" என்று அவருடைய கட்சிக்காரர்களே கத்தினார்கள்.

செய்தியாளர் மாடத்திலிருந்து அவள் பார்த்தாள். அவர் வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 'மயக்க நாடகம்! ஓர் ஓட்டில் கவிழ்ந்தது அரசு.' கீழே அவள் பெயர். கோணிய வாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

செய்தி ஆசிரியரிடம் போய் நின்றாள். "என் கண்ணால பாத்தேன் சார்."

"எல்லாப் பேப்பரும் நாடகம்னுதான் போட்டிருக்கான். நாம மட்டும் வைத்தியம் பாக்கணுமாக்கும்?"

ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் அவருடைய மகள் அந்தப் பேப்பரை நீட்டினாள். "எவ்வளவு வாங்கினான்னு வீட்டு வாசல்ல நின்னு கத்துறாங்க. அப்பாவுக்குப் பக்கவாதம், பேச்சே வரல. இது உங்க பேர்தானே?"

நான் எழுதியது இதுவல்ல என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "என் பேர்தாம்மா," என்றாள்.

அன்று மாலையே மருத்துவர் சொன்னதையும் சேர்த்து மறுபடி எழுதிக் கொடுத்தாள். மூன்று நாள் அலைக்கழித்தபின், ஏழாம் பக்கத்தின் அடியில், 'வருந்துகிறோம்' என்று நாலு வரி வந்தது. அதற்குள் வேறு அரசு பதவியேற்றிருந்தது. யார் படித்திருப்பார்கள்?

பேச்சு திரும்பாமலே அவர் இறந்துபோனார். 'அப்பழுக்கற்ற தலைவர்' என்று எல்லாப் பத்திரிகைகளும் உருகின. "நீதான் நேர்ல பாத்தவ, உருக்கமா ஒண்ணு எழுதும்மா," என்றார் செய்தி ஆசிரியர்.

எழுதினாள். 'நடிப்பு என்று இந்தப் பத்திரிகையும் எழுதியது' என்ற வரியை அவர் அடித்தார்.

"அந்த வரி போனா என் பேரும் போகணும் சார்."

"பிடிவாதம் எதுக்கு? சரி, உன் இஷ்டம்."

வரியும் போயிற்று, பெயரும் போயிற்று. வேலையை அவள் விடவில்லை. மாடத்தில் அதே நாற்காலியில்தான் உட்காருகிறாள். அன்றிலிருந்து அவள் எழுதும் எல்லாச் செய்தியும் 'நமது நிருபர்' என்றே வருகிறது. உறுப்பினரின் மகள் இப்போது பேப்பரே வாங்குவதில்லையாம்.