தூங்கும் கிருமி

இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016இல் சான்றிதழ் வந்தபோது வவுனியா மலேரியா ஒழிப்பு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஷிராணி லோரன்ஸ் தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மலையகத்தில் லிந்துலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, மலேரியா ஆய்வுக்காகவே வடக்குக்குப் போனவர். விரட்டிய நோய் எந்த வழியாகத் திரும்பி வருமோ என்ற நினைப்பு அவரை விடவில்லை.

"இல்லாத நோயத் தேடி எதுக்கு இப்பிடி அலையிற?" என்று அவருடைய அக்கா சலித்துக்கொண்டார்.

சில வருடங்களில் ஷிராணி மலைக்குத் திரும்பினார். தோட்டத்துக் கர்ப்பிணிகளிடம் இரத்தச்சோகை ஏன் குறையவில்லை என்பதுதான் புதிய ஆய்வு. ராகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நிஷாந்தியைச் சந்தித்தது அப்படித்தான். கொழுந்து எடுக்கிறவள், ஐந்தாம் மாதம், முதல் பிள்ளை. ஷிராணி போன அன்று இரண்டு கம்பளிகளுக்குள் பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருநா விட்டு ஒருநா இப்பிடித்தாங்க மிஸ். குளிருதான்," என்றாள் மாமியார் அம்மாக்கண்ணு.

"வெளிநாடு எங்கயும் போனீங்களா?"

"இல்லீங்க மிஸ்."

ஷிராணி லயத்து வரிசை வீட்டின் படியிறங்கினார். பாதி வழியில் மனம் கேட்காமல் திரும்பி வந்தார். "இந்தியாவுக்கு?"

கம்பளிக்குள்ளிருந்து நிஷாந்தி எட்டிப் பார்த்தாள். "அது வெளிநாடாங்க? ராமநாதபுரத்துல மாமா வீட்டுக்கு, கல்யாணத்துக்குப் போனோம்."

அன்று மாலையே பெரியாஸ்பத்திரியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு மலேரியா என்றார்கள். அதிலும் கல்லீரலுக்குள் மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்து திரும்ப எழும்பும் வகை. காய்ச்சல் மருந்தில் இறங்கிவிட்டது. தூங்கும் கிருமியைக் கொல்லும் மருந்தை மட்டும் கர்ப்பிணிக்குக் கொடுக்க முடியாது. பிள்ளை பிறக்கும்வரை வாரம் ஒரு தடவை தடுப்பு மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது ஷிராணிக்கு வராத காரியம். வாரா வாரம் அவரே போனார். அந்த லயத்தில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார். அதன் பிறகு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிஷாந்தியின் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை.

"ஒங்க ஜீப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு நடுக்கம் வருதுங்க மிஸ்," என்றாள் அவள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண்ணில் சிரிப்பில்லை.

எட்டாம் மாதம் தொடங்கியதும், பிரசவத்துக்குத் தாய்வீடு போகப் போவதாகச் சொன்னாள். தாய்வீடு வவுனியாவில். இனக்கலவரக் காலத்தில் மலையை விட்டுப் போன குடும்பம்.

ஷிராணி குறுக்கிட்டார். "அங்க வெக்க. இந்த நோயப் பரப்புற நுளம்பும் இருக்கு. காய்ச்சல் திரும்புனா ஒங்களோட நிக்காது, ஊருக்கே பரவும்."

"எனக்கு எங்கம்மா வேணும்."

"நோயப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் யோசிங்க மிஸ்," என்றான் கணவன் லோஜன். "ஆனா இவ மொதப் புள்ளக்காரி."

அடுத்த வாரம் ஷிராணி போனபோது, அம்மாக்கண்ணு கொழுந்துக்குப் போயிருக்க, கதவில் பூட்டுத் தொங்கியது. விடியற்காலை பஸ்ஸுக்கே இருவரும் கிளம்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த வாரத்து மாத்திரை ஷிராணியின் பைக்குள்ளேயே இருந்தது. அன்றிரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் அவரும் வவுனியாவுக்குப் பஸ் ஏறினார்.

வேப்பமர நிழலில் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நிஷாந்தி, படலையைத் திறந்து வந்தவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இங்கயுமா மிஸ்?"

ஷிராணி நுளம்பு வலையை எடுத்து நீட்டி, மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தார். நிஷாந்தியின் தாய் வேலாயி பாதியில் கையமர்த்தினாள்.

"மலேரியாவா? எனக்கு அது நல்லாத் தெரியும். இங்க வந்த புதுசுல எனக்கு மொதப் புள்ள அந்தக் காய்ச்சல்லதான் கலஞ்சிச்சு." அவள் குரல் உயர்ந்தது. "எம்மகளுக்கு அது வந்திருக்குன்னு ஏங்க ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

நிஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். தோட்டத்துக்கெல்லாம் விளக்கம் சொன்ன ஷிராணிக்கு இந்தத் தாயிடமும் சொல்ல வேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

வேலாயி மாத்திரையை வாங்கி, மகளின் வாயில் தன் கையாலேயே போட்டாள். "இனி நான் பாத்துக்குறேன். போன் பண்ணிக் கேளுங்க. இப்பிடி ஓடி வராதீங்க."

ஷிராணி ஊர் சுகாதார அலுவலகத்தில் விவரத்தைச் சொல்லிவிட்டு மலையேறினார். போன் பண்ணாத நாளில்லை.

அட்டன் பஸ் நிலையத்தில் நின்றபோது லோஜன் அழைத்தான். "பொம்பளப் புள்ளங்க மிஸ்!"

"நிஷாந்திக்குக் காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க."

"நடுக்கம்?"

"மிஸ், மொதல்ல புள்ள எப்பிடி இருக்குன்னு கேளுங்களேன்."

"சொல்லுங்க தம்பி. புள்ள எப்பிடி இருக்கு?"

"கொஞ்சம் எடை கொறவுதான். ஆனா என்னமா கத்துது தெரியுமா!"

அவன் போனைப் பிள்ளையின் பக்கம் பிடித்தான். பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போக, ஷிராணி கேட்டுக்கொண்டே நின்றார்.