மாலை போட்ட குடிகாரரும் நானும்

போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர் வேலை என்பது, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நாள் முழுக்கப் பொய் கேட்கும் வேலை. உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். அதனால் உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எப்போதாவது

கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் பாண்டியை அவர் மனைவி லட்சுமி இழுத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு குடிப்பீர்கள் என்றேன். எப்போதாவதுதான் என்றார் பாண்டி. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். கை ஆடிய ஆட்டத்தில் பேனா கீழே விழுந்தது. காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் கை நிற்குமாம். லேத்துக்கு இரும்பு எது, விரல் எது என்று தெரியவா போகிறது? லட்சுமி அசரவில்லை.

"ஆமா சார், எப்பயாச்சும்தான். முழிச்சிருக்கப்ப மட்டும்."

எனக்கு ஆறுதல்

மையத்தில் சேருங்கள், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தலாம் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் பாண்டி கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து நின்றார். அன்று காலைதான் போட்டதாம். கார்த்திகை பிறந்தால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். நாற்பத்தெட்டு நாள் சொட்டுகூடத் தொட மாட்டார்கள். நான் கேலி செய்யவில்லை. என் பேச்சுக்கு அதில் கால்வாசி பலம்கூடக் கிடையாது.

ஆனால் காலையிலேயே ஆரம்பிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சும்மா விடாது. வலிப்பு வரும், உயிரே போகலாம். தொண்டை வறளச் சொன்னேன். பாண்டிக்கு என்னைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

"நீங்க பயப்படாதீங்க சாமி. மேல இருக்கவரு பாத்துக்கிருவாரு."

அருள்வாக்கு

மூன்றாம் நாள் மதியம் லட்சுமி போன் செய்தார். பாண்டிக்குச் சாமி வந்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள், தனக்கு என்னவோ பயமாக இருக்கிறது என்று அழுதார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன்.

தெருவே கூடியிருந்தது. பாண்டி வேர்வையில் நனைந்து, கைகால் வெடவெடக்க, சுவரெல்லாம் பாம்பு என்று அலறிக்கொண்டிருந்தார். ஒருவர் கற்பூரம் காட்டினார். இன்னொருவர், பாம்பென்றால் நாகதோஷம்தான் என்று உறுதியே செய்துவிட்டார். சாராயம் நின்ற உடம்பு படும் பாடு இது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வண்டியில் ஏற்றும்போதே வலிப்பு வந்துவிட்டது. லட்சுமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்போதும் ஒருவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அண்ணே, ஒரு நிமிசம். போர் போட்டா எத்தனை அடியில தண்ணி வரும்னு சாமி இன்னும் சொல்லலையே!"

மாலை இறக்கும் நாள்

பிழைத்துவிட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் மாத்திரை, எங்கள் மையம், மலை. மலையிலிருந்து திரும்பிய அன்று மாலையைக் கழற்றாமல் நேரே என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். வாசலில் இரண்டு நண்பர்கள் பைக்கில் காத்திருந்தார்கள். மாலை இறங்கியதும் கறியும் சரக்கும் என்று ஏற்பாடாம்.

"இன்னும் எம்புட்டு நேரம் மாப்ள?" என்று வெளியே குரல். கையில் வைத்திருந்த அறிவுரையெல்லாம் எனக்கு மறந்துபோனது. பாண்டி மாலையை இறுக்கிப் பிடித்தபடி எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"இன்னிக்கு வேணாம் மாப்ள, நாளைக்குப் பாப்போம்!"

நாளைக்குக் குடிக்கிறேன் என்பவரை மறுநாளும் அதையே சொல்ல வைத்துவிட்டால், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர்தான் மகத்தான வெற்றி.