இரண்டு லாரிகளும் ஒரு கண்மாய்க் கரையும்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காசிக்கும் காஷ்மீருக்கும் போய்விட்டு வந்து எழுதுகிறார்கள். நான் போனது பழைய லாரி வாங்க. பேரையூரில் பஸ் ஏறி, கீழக்குயில்குடி, வாடிப்பட்டி என்று வெயிலில் அலைந்ததுதான் என் யாத்திரை. எண்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். எங்கள் பக்கம் கிணறெல்லாம் வற்றி, பாறையை உடைத்து ஆழப்படுத்தச் சொல்லி ஆள்மேல் ஆள் வரும் நேரம். பாறையில் துளை போடும் கம்ப்ரசர் என்னிடம் இருந்தது. அதை இழுத்துப் போகும் லாரிதான் இஞ்சின் உட்கார்ந்து ஓடாமல் கிடந்தது.

கூட வந்தவர் மச்சான் கருப்பையா, என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் லாரியை ஓட்டியவர் அவர்தான். போன வருஷம் கம்ப்ரசரின் இழுவைக் கம்பி விழுந்து அவருடைய இடது கணுக்கால் நொறுங்கிவிட்டது. நொண்டிக்கொண்டு நடக்கிறார். ஆனால் கிளட்ச்சை மிதிக்க முடியாது. அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கிளம்பும்போது அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"வாடிப்பட்டியில கிளட்ச்சே இல்லாத லாரி ஒண்ணு இருக்காம்ல. அதையே பாருடா. இந்த மனுசன் இப்பிடியே உக்காந்திருந்தா ஒண்ணுமில்லாமப் போயிருவாரு."

கீழக்குயில்குடி போய்ச் சேர மணி பத்து. திருமங்கலம் வரை ஒரு பஸ், மதுரைக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. மூன்றிலும் நின்றுகொண்டேதான். சமணர் மலையில் பழைய கல் படுக்கைகள் இருக்கின்றன, அவசியம் பார்க்க வேண்டும் என்பார்கள். நான் அடிவாரத்து ஷெட்டில் லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்ததோடு சரி.

அது ஆறு சிலிண்டர் வண்டி, பார்க்க அழுக்கு மூட்டை. மச்சான் இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புகை தள்ளவில்லை; இஞ்சின் தேயவில்லை என்று அர்த்தம். பிறகு கம்ப்ரசர் எடைக்குக் கல் ஏற்றிய டிரெய்லரை மாட்டி, ஷெட் டிரைவரைக் கண்மாய்க் கரைமேல் ஏறச் சொன்னார். பாதி ஏற்றத்தில், "நிறுத்துண்ணே!" என்று கத்தினார். வண்டி நின்றது. "இப்ப எடு."

எங்கள் ஊரில் கிணற்றுக்குப் போக முக்கால்வாசி இடத்தில் கண்மாய்க் கரை ஏற வேண்டும். எதிரே மாடு வந்தால் நடு ஏற்றத்தில் நிற்கவும் வேண்டும். அங்கிருந்து கிளம்பத் தெரியாத வண்டி எங்களுக்கு ஆகாது. அழுக்கு மூட்டை முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறிவிட்டது.

"நல்ல வண்டி," என்றார் மச்சான், துக்கம் விசாரிக்கிற குரலில்.

வாடிப்பட்டியில் இறங்கியபோது மதியம் இரண்டரை. தலைவலிக்கு முப்பது பைசா டீ, அதுவும் வெந்நீர். திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய ஷெட்டில் நின்றது அந்த வெளிநாட்டு லாரி. ஏதோ அணைக்கட்டு வேலைக்கு வந்து, ஏலத்தில் போனதாம். கீழே இரண்டே மிதிகள்: ஆக்சிலேட்டர், பிரேக். கியர் தானாக மாறிக்கொள்ளும்.

"ஓட்டிப் பாருங்கண்ணே," என்றார் ஷெட்காரர்.

மச்சான் ஏறி உட்கார்ந்தார். ரோட்டில் நாலு மைல் போயிருப்போம். வலதுகால் மட்டும் வேலை செய்தது, இடதுகால் சும்மா கிடந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக மச்சான் சீட்டி அடித்தார். இதையே வாங்கிவிடுவது, இனி வேறு பேச்சு இல்லை என்று முடிவு கட்டினேன்.

திரும்பி வந்ததும் மச்சானே, "டிரெய்லர மாட்டுங்க," என்றார்.

"எதுக்கு மச்சான்? அதான் நல்லா ஓடுதுல்ல," என்றேன்.

அங்கேயும் ஒரு கண்மாய்க் கரை. இவரேதான் ஓட்டினார். பாதி ஏற்றத்தில், யாரும் சொல்லாமலே, பிரேக்கை மிதித்து நிறுத்தினார். மறுபடி எடுத்தபோது இஞ்சின் ஊரைக் கூட்டியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. நான் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.

மச்சான் இறங்கி, கியர்ப்பெட்டியின் எண்ணெய்க் கம்பியை உருவி மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். அடிப்பிடித்த வாடை; கியர்ப்பெட்டி உள்ளே கருகியிருந்தது.

"பிரிச்சு வேல பாத்தா சரியாகாதா?" என்றேன்.

ஷெட்காரர் தலையைச் சொறிந்தார். "அதப் பிரிக்கத் தெரிஞ்ச ஆளு மதுரையிலயே இல்லண்ணே. சாமானும் கிடைக்காது."

"கெடக்கட்டும் மச்சான். அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"உங்கக்கா சொல்லிவிட்டது எனக்குத் தெரியும் மாப்ள." மச்சான் ஸ்டியரிங்கை ஒருதரம் தடவிவிட்டுக் கதவைச் சாத்தினார். "இது என்னயச் சொமக்கும். கம்ப்ரசர இழுக்காது. நாம வந்தது கம்ப்ரசருக்கு."

மதுரை லாட்ஜில் மூட்டைப்பூச்சிகளோடு படுத்துவிட்டு, மறுநாள் காலை அழுக்கு மூட்டையை எடுத்தோம். ஓட்டியது நான். லைசென்ஸ் உண்டு; ஆனால் எனக்கு ஓட்டத் தெரியும் என்று மச்சான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவர் இடப்பக்கம், கிளீனர் சீட்டில். கியர் ஒவ்வொன்றும் கரகரவென்று பல்லைக் கடித்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திருமங்கலம் தாண்டித்தான் கவனித்தேன். ஏற்றம் வருமுன்பே அவருடைய இடதுகால் மெல்ல எழுந்து, மிதி எதுவும் இல்லாத வெறும் தரைத் தகரத்தை அழுத்தும். வலியில் முகம் சுருங்கும். அந்தக் கால் அழுத்தும் நேரத்தில் நானும் கிளட்ச்சை மிதித்துப் பார்த்தேன். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. பிறகு பேரையூர் வரை ரோட்டைப் பாதியும் அந்தக் காலைப் பாதியும் பார்த்தே ஓட்டினேன்.

வாசலில் வண்டி நின்றதும் அக்கா ஓடிவந்தாள். இடப்பக்கத்திலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு ஓட்டிட்டு வந்தது?" என்றாள்.

"மச்சான்தான்," என்றேன்.