எழுந்து நின்ற வரிக்காரர்

லெதெகிதான் கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். படிக்கட்டில் ஆறேழு பேர் பேசாமல் நின்றார்கள். எல்லோரும் வெள்ளைச் சால்வையின் கரை கழுத்தைச் சுற்றி வரும்படி போர்த்தியிருந்தார்கள். முன்னால் அவள் தோழி மெப்ராத். இன்னும் விடியவில்லை.

சாவை எரித்திரியர்கள் போனில் சொல்வதில்லை. இப்படித்தான் வருவார்கள்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவர்கள் சொல்லாதவரை அண்ணன் உயிரோடு இருக்கிறான்.

அவனை ஊரில், அஸ்மாராவில், வீட்டிலிருந்து அரசாங்க ஆட்கள் கூட்டிப்போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கோதன்பர்க்கில் பஸ் ஓட்டும் லெதெகிதான், வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் எரித்திரிய அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய இரண்டு சதவீத வரியை அன்றோடு நிறுத்தினாள்.

"எங்கண்ணன அடச்சு வெச்ச பூட்டுக்கு நான் எண்ணெ போடணுமா?"

"ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் அதுலதான்க்கா. நீ குடிச்சு வளந்த தண்ணிக்குன்னு நெனச்சுக் கட்டு" என்பாள் மெப்ராத்.

"தண்ணிய எங்கம்மா சொமந்தா. கவர்மெண்டா சொமந்துச்சு?"

ஆனால் கட்டாதவர்களின் மனுவை வரி அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள். அண்ணனைப் பற்றிக் கேட்பதற்காக நேற்று பாக்கி முழுவதையும் கட்டினாள். வரி வாங்கும் கிஃப்லோம் யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர். அண்ணன் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து பணத்தை எண்ணினார். பிறகு எழுந்து நின்றார்.

"காபி குடிக்கிறியாம்மா?"

"பணத்தக் கண்டதும் எந்திரிச்சு நிக்கிறான்டி" என்று மெப்ராத்திடம் போனில் சொல்லிச் சிரித்தாள். மெப்ராத் சிரிக்கவில்லை.

பணத்தை எண்ணும்போதே கிஃப்லோமுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"அக்கா, தொற. காபி குடிக்கத்தான் வந்தோம்" என்றாள் மெப்ராத் கதவுக்கு வெளியிலிருந்து.

"இந்நேரத்துக்கா? மத்தியானம் வாங்க."

யாரும் போகவில்லை. படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. அதை மறுபடி போட ஒருவரும் நகரவில்லை. இருட்டில் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவர்கள் எத்தனை நேரமானாலும் நிற்பார்கள்.

திறந்தாள்.

விடிந்ததும் கூடத்துச் சாமான்களை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். மெப்ராத் காபிக்கொட்டை வறுத்தாள். டிப்போவுக்கு லீவு சொன்னார்கள். மத்தியானம் கிஃப்லோம் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். எங்கே புதைத்தார்கள் என்று லெதெகிதான் கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்றார். அடுத்த வருஷமும் கட்டவேண்டுமா என்று கேட்டாள். கட்டவேண்டும் என்றார். காபியைக் குடித்துவிட்டு பஸ் பிடித்துப் போனார்.