படி விளிம்புக்கு ஒரு நிறம்

எங்கள் தெருவில் யாரும் யாரையும் பார்த்து முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்லமாட்டோம். அமெரிக்காவின் வடக்கே இருக்கும் மினசோட்டாக்காரர்கள் நாங்கள், அதில் எங்களுக்குப் பெருமை வேறு. "பார்க்கலாம்" என்போம். "அட, வித்தியாசமா இருக்கே" என்போம். பிறகு எலுமிச்சை பார் என்கிற இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டு சுட்டு அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று வந்துவிடுவோம். இந்தப் பாழாய்ப்போன நல்ல குணம் ஆர்டிஸ் டோலெஃப்சனை என்ன பாடு படுத்தியது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆர்டிஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ்ஸை, ஓய்வு பெறும்வரை, கொட்டுகிற பனியிலும் ஓட்டியவள். குரலை உயர்த்தி ஒரு பிள்ளையை அவள் அதட்டியதில்லை. பஸ் ஓடும்போது எவனாவது எழுந்து ஆடினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவாள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அவனையே பார்ப்பாள். "ஓடுற பஸ்ல எந்திரிச்சு நிக்கக்கூடாது" என்று ஒரே ஒரு தரம் சொல்வாள். அவன் உட்காரும்வரை வண்டி நகராது. என் மகள் அந்தப் பஸ்ஸில் போனவள். இப்போது எங்கள் குடியிருப்பின் அசோசியேஷன் தலைவராக இருக்கும் டுவேன் க்வாலேயும் அதில் போனவன்தான். தினமும் தாமதமாக ஓடிவருகிற அவனுக்காக, பனிக்குல்லாய் தெரு முனையில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்து நின்றவள் அவள்.

ஓய்வு பெற்ற கையோடு ஆர்டிஸ் தன் வீட்டுத் தபால்பெட்டிக்கு அதே பஸ் மஞ்சளை அடித்தாள். வாழ்நாளில் அவள் செய்த ஒரே ஆடம்பரம் அது. டுவேன் ஒரு காலை வந்து, வானிலையைப் பேசி, அவள் தக்காளிச் செடிகளைப் புகழ்ந்து, கிளம்பும்போது, "தபால்பெட்டி ரொம்ப... பளிச்சுனு இருக்குல்ல?" என்று மென்று முழுங்கினான். மறுநாளே அவள் அதைப் பழுப்பாக்கிவிட்டாள். மீதி மஞ்சள் டின் கராஜுக்குள் போய்விட்டது.

"ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? உன் பொட்டி, உன் பெயிண்டு!" என்று நான் கத்தினேன்.

"விடு கோரின். அவனும் நல்ல பிள்ளதான்" என்றாள். அப்படிப்பட்டவள்.

அவள் கணவர் வெர்லினுக்குச் சில வருஷங்களாகக் கண் போய்க்கொண்டிருந்தது. நடுப்பார்வை முழுக்கப் போய்விட்டது. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கோழி மாதிரி தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். வண்டி ஓட்டுவது, மீன் பிடிப்பது, பேப்பர் படிப்பது எல்லாம் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. கடைசியாக அவருக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. காலையில் பின்கதவைத் திறந்து, வீட்டை ஒட்டிய டெக்கின் மரத்தளத்தில் நடந்து, படி இறங்கி, புல்வெளிக் கோடியில் தொங்கும் தீனிக் கூட்டில் பறவைகளுக்குச் சூரியகாந்தி விதை போட்டுவிட்டு வருவது. யார் கையையும் பிடிக்காமல், தானாக. அந்த டெக்கைக் கட்டியவரே அவர்தான். தேவதாருப் பலகை ஒவ்வொன்றும் அவர் இழைத்தது.

இந்த வசந்தத்தில், பனி உருகிய கையோடு, அந்தப் படியிலேயே தவறி விழுந்தார். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் மனுஷர் பயந்துபோனார். பழைய சாயம் வெளுத்து, தளமும் படியும் ஒன்றாகக் கலந்து, எது எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கண் மருத்துவர் ஒரு வழி சொன்னார்: தளம் அடர்த்தியான நிறம், படி விளிம்பு வெளிர் நிறம், இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ அவ்வளவு நல்லது.

அதற்கப்புறம் ஆர்டிஸ் நிறம் தேர்ந்தெடுத்தாளே, அதைப் பார்க்க வேண்டும்! நாமெல்லாம் என்ன செய்வோம்? கடைக்குப் போவோம், அங்கே பைன் துண்டில் பூசி மாட்டியிருக்கும் மாதிரியைப் பார்ப்போம், நம் வீட்டுத் தேவதாருவில் அது வேறு நிறமாகக் காயும், அப்புறம் தலையில் அடித்துக்கொள்வோம். அவள் அப்படியில்லை. வெர்லின் மிச்சம் வைத்திருந்த தேவதாருத் துண்டுகளைத் தேடியெடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சாயம். இரண்டிரண்டாக டெக்கில் அடுக்கி, அவரைக் கதவருகே நிற்க வைத்துக் கேட்பாள்.

"இது தெரியுதா?"

"ஏதோ தண்ணி தேங்குன மாதிரி இருக்கு."

"இது?"

"தேவலாம். ஆனா ஓரம் எங்கன்னு தெரியல."

காலை வெயிலில் தெரிந்தது உச்சி வெயிலில் மறைந்தது. காய்ந்திருக்கும்போது தெரிந்தது மழையில் நனைந்ததும் இருண்டு போயிற்று. அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. தண்ணீர் ஊற்றி நனைத்துப் பார்த்தாள். சாயங்காலம் மேப்பிள் மர நிழல் விழும்போதும் கூப்பிட்டுக் காட்டினாள். சாம்பல் நிறத்தை வைத்த அன்று மட்டும் வெர்லின் சிரித்துவிட்டார். "ஐயையோ, எடுத்துரு. பனி பெஞ்சு மூடுன மாதிரி ஒண்ணுமே தெரியல" என்றார். கடைசியில் தளத்துக்கு அடர் வால்நட் பழுப்பு, படி விளிம்புக்குத் தேன் நிறம். அதை அடுக்கிய அன்று வெர்லின் தலையைச் சாய்த்து, விளிம்பின் மேல் சரியாகக் காலை வைத்து, "இந்தா இருக்கு!" என்றார். ஆர்டிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இவ்வளவையும் செய்துவிட்டு அசோசியேஷனில் அனுமதி கேட்கப் போனாள். எங்கள் குடியிருப்பில் வீட்டு வெளிப்புறம் எதற்கு நிறம் பூசினாலும் கேட்டாக வேண்டும். நானும் கூடப் போனேன். டுவேன் வீட்டுக் கூடத்தில் காபியும் பிஸ்கட்டும். ஆர்டிஸ் எழுந்து, "படி ஓரம் மட்டும் வேற கலரா இருந்தா வெர்லினுக்குக் கொஞ்சம் வசதியா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வரும். விழுந்ததையோ பயந்ததையோ சொல்லவில்லை.

"ரெண்டு கலரா? அட, வித்தியாசமா இருக்கே" என்றான் டுவேன்.

"இந்த வரிசை டெக் எல்லாம் சாம்பல்லதான் இருக்கு. வீடு வாங்க வர்றவங்க பாப்பாங்க இல்லையா" என்றாள் ஒருத்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா டுவேன், அவருக்குக் கண்ணு தெரியலப்பா! வீடு வாங்க வர்றவன் கண்ணுதான் உனக்குப் பெருசா?" என்று கேட்டுவிட்டேன்.

என்னவோ நான் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். டுவேன் முகம் சிவந்து, "வெர்லின் அங்கிள் மேல எங்களுக்கெல்லாம் எவ்ளோ பாசம்னு உங்களுக்கே தெரியும். பாக்கலாம், ஆர்டிஸ். ஏதாச்சும் நல்லது பண்ணலாம்" என்றான். வக்கீலிடம் போயிருக்கலாமே என்பீர்கள். ஹோட்டலில் சூப் ஆறிப்போய் வந்தால் அதையே குடித்துவிட்டு நன்றி சொல்லும் ஆர்டிஸா போவாள்? "பாக்கலாம்னுதானே சொன்னான்" என்று நம்பிக்கொண்டு காத்திருந்தாள். வெர்லினும் கதவோரம் நாற்காலியில் காத்திருந்தார். விதை போடும் வேலையை அவள் செய்தாள்.

ஜூலையில், வெர்லினைக் கண் மருத்துவரிடம் காட்ட ஆர்டிஸ் பெரிய ஊருக்குக் காரில் போன சனிக்கிழமை, நான் என் மகள் வீட்டில் இருந்தேன். நான் மட்டும் இங்கே இருந்திருந்தால் குறுக்கே படுத்தாவது தடுத்திருப்பேன். மாலையில் திரும்பி வந்து பார்க்கிறேன், ஆர்டிஸ் வீட்டுப் பின்புறம் ஒரே திருவிழா. தெருவே கூடியிருக்கிறது. கையில் உருளை பிரஷ்கள், மேசையில் உருளைக்கிழங்கு போட்டுச் சுட்ட ஹாட்டிஷ், எலுமிச்சை பார். டெக், கைப்பிடி, படி எல்லாம் ஒரே சாம்பல்!

"சர்ப்ரைஸ்!" என்றான் டுவேன் என்னைப் பார்த்து, முகமெல்லாம் பல்லாக. "பாவம், இந்த வயசுல அவங்க எங்க போய் குனிஞ்சு நிமிந்து பூசப் போறாங்க? எங்க செலவுலயே பண்ணிட்டோம். பிரச்சனையும் தீந்துச்சு பாருங்க."

யாருடைய பிரச்சினை தீர்ந்தது? முடியாது என்று சொல்ல வாய் வராத ஜனம், முடியாது என்பதை டின் டின்னாகப் பூசி வைத்திருக்கிறது! அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் முன்பக்கம் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

பின்கதவு திறந்தது. வெர்லின் முன்னால், ஆர்டிஸ் பின்னால். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்லின் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஒரு காலை வெளியே நீட்டி, அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆர்டிஸ், பனி பெஞ்சிருக்கா என்ன?" என்று கேட்டார்.

ஜூலை மாதம். கைதட்டல் ஒன்றொன்றாக நின்றது.

ஆர்டிஸ் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்தார். எங்கே எங்கள் குரல் கேட்டதோ அந்தத் திசையைப் பார்த்து, "ரொம்ப நன்றி எல்லாருக்கும். சிரமப்பட்டிருக்கீங்க. நான் உள்ளயே உக்காந்துக்கறேன்" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆர்டிஸ் கதவிலேயே நின்றாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. பிறகு கராஜுக்குப் போனாள். வரும்போது ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் அந்த மஞ்சள் டின்.

ஈரம் காயாத சாம்பலில் செருப்புக் காலோடு நடந்து வந்தாள். மேல்படியில் மண்டி போட்டு விளிம்பில் இழுத்தாள் மஞ்சளை. பட்டையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

டுவேன் எலுமிச்சை பார் தட்டோடு படிக்குக் கீழே ஓடி வந்து நின்றான். "ஆர்டிஸ், ஆர்டிஸ், இருங்க, என்ன பண்றீங்க? இதுக்கு அனுமதி இல்லீங்களே. அப்புறம் எல்லாத்தையும் சுரண்ட வேண்டி வரும்..."

அவள் பிரஷை நிறுத்தினாள். நிமிர்ந்து அவனையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"டுவேன், ஓடுற பஸ்ல எந்திரிச்சு நிக்கக்கூடாது" என்றாள்.

அவன் வாய் திறந்தபடியே நின்றது. அவள் அடுத்த படிக்கு இறங்கினாள், அதற்கடுத்த படிக்கு இறங்கினாள். எல்லா விளிம்பும் மஞ்சளானதும் டின்னைப் புல்லில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வெர்லின்! விதைய எடுத்துட்டு வா!"

அவர் வாளியோடு வந்தார். கதவில் நின்றார். ஆர்டிஸ் கை கொடுக்கவில்லை, பக்கத்தில்கூடப் போகவில்லை. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சாம்பலைக் காலால் தடவித் தடவி மேல்படிவரை வந்தார். அங்கே நின்று தலையைச் சாய்த்தார்.

"இந்தா இருக்கு" என்றார்.

ஈர மஞ்சளில் ஷூவை அழுத்தி வைத்து இறங்கினார். "இன்னொண்ணு." அடுத்ததிலும் அழுத்தி வைத்தார். "அடடே, இது நம்ம பஸ்ஸு கலராச்சே!" சிரித்துக்கொண்டே கடைசிப் படிக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் போக முடியவில்லை. எதிரே டுவேன் தட்டோடு கல்லாய் நின்றான். வெர்லினின் வாளி அவன் வயிற்றில் இடித்தது.

வெர்லின் அவன் முகத்துக்கு நேரே கண்ணைக் கொண்டுபோனார். யாரென்று தெரியவில்லை.

"யாரோ வழியில நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி, நான் போகணும்" என்றார்.

டுவேன் தள்ளி நின்றான்.