சுண்ணாம்புத் தண்ணீரும் ஒற்றை யன்னலும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் இராணுவ முகாமுக்கும் இடையில் ஒரு முள்ளுக்கம்பி வேலிதான். முகாமைப் பார்த்த யன்னல்களையெல்லாம் பலகை வைத்து அறையச் சொல்லி உத்தரவு. வாவிக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். வேறு வழி கிடையாது. பள்ளியின் பாதியில் அகதிகள் இருந்ததால் இரண்டு வகுப்பை அந்த ஒரே அறைக்குள் அடைத்திருந்தோம். நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். இடைவேளைக்கு முன்பே பிள்ளைகள் மேசையில் சரிந்துவிடுவார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டுவேன்.

அதில் ஒரு பிள்ளைக்கு மூச்சிழுப்பு. படுசுட்டி, அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டியவள். மத்தியானமானால் நெஞ்சு கீச்சிடும், உதடு கறுக்கும். ஆஸ்பத்திரிக்குத் தோணியில் வாவியைக் கடந்து, சோதனைச்சாவடியில் காத்து நிற்கவேண்டும். என் கண்முன்னாலேயே செத்துப்போவாளோ என்று பயந்து செத்தேன்.

பள்ளி அதிபரிடம் போய்க் கத்தினேன்.

"காத்தில்ல எண்டு சொன்னா ஆமிக்காரனுகள் சிரிப்பானுகள் டீச்சர். கண்ணால காட்ட என்னவும் இரிக்கா?" என்றார்.

ஏன் இல்லை? பிள்ளைகளை வீட்டு வெற்றிலை வட்டாவிலிருந்து சிப்பிச் சுண்ணாம்பு கொண்டுவரச் சொன்னேன். ஒருத்தி புகையிலைத் துண்டோடு அள்ளி வந்தாள், சனியன்! கரைத்துத் தெளியவைத்து, இரண்டு போத்தலில் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். வெளியே மரத்தடியில் கை சோரும்வரை அடித்தும் தண்ணீர் தெளிவாகவே நின்றது. வகுப்புக்குள் கொஞ்சம் அடித்ததுமே பாலாகிவிட்டது. விட்ட மூச்சு பட்டால்தான் சுண்ணாம்புத் தண்ணீர் அப்படி வெளுக்கும். நாங்கள் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தோம்.

அதிபர் போய்ச் சொல்ல, முகாமுக்குப் பொறுப்பான பெரியவர் வந்தார். போத்தலைக் கண்டதும் குண்டென்று நினைத்து, கூட வந்த சிப்பாய் துவக்கைத் தூக்கினான். "ஹுணு, ஹுணு" என்று அதிபர் சிங்களத்தில் பதறினார். சுண்ணாம்பு என்றதும் சிப்பாய் சிரித்தான். அவன் வாயும் வெற்றிலையால் சிவந்துதான் இருந்தது. பெரியவர் தானே பம்பை வாங்கி அடித்துப் பார்த்தார். பிறகு ஒரேயொரு யன்னலின் பலகையைக் கழற்ற அனுமதித்தார்.

அடுத்த நாள் அந்த யன்னலடியில் இழுப்புக்காரப் பிள்ளையை இருத்தினேன். காற்று குபுகுபுவென்று வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் பாடத்தில் அவள் எழும்பி யன்னலைச் சாத்தினாள்.

"என்னகா புள்ள, உனக்கு விசரா? உனக்காகத்தானே திறந்தது!"

வேலிக்கு அப்பால் காவலரணில் ஒருவன் துவக்கோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூச்சு முட்டினாத் தாங்குவன் டீச்சர்," என்றாள். "அவன் பாக்கிறதத் தாங்க ஏலா."

யன்னலுக்குக் கொண்டி போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அவள் இழுக்கும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பாடத்தைத் தொடர்ந்தேன்.